கணக்குத் தேர்வு: ‘கவனக்குறைவு’னு சொன்னா போதுமா?

சிங்கப்பூரில் தொடக்கப்பள்ளி 6-ம் வகுப்பு முடிவில் எழுதும் பொதுத்தேர்வு பி.எஸ்.எல்.இ. 2021 முதல் ஒவ்வொரு பாடத்துக்கும் 8 தரநிலைகள். 90 எடுத்தால் முதல் நிலை; 85 முதல் 89 வரை இரண்டாம் நிலை. ஒரே ஒரு 5 மதிப்பெண் கணக்கு போதும், நிலை மாறிடும். உயர்நிலைப்பள்ளி இடமும் இதைப் பொறுத்ததே.

அதனால்தான் மாதிரித் தேர்வுக்குப் பிந்தைய அலசல் முக்கியம். ‘கவனக்குறைவு’ என்பது காரணமே இல்லை. கேள்வி புரியலையா, வழி தெரியலையா, கூட்டல் தப்பா, நேரம் பத்தலையா? நாலுக்கும் தீர்வு வேற வேற. கேள்வியை அவசரமாகப் படிக்கும் பிள்ளைக்கு இன்னும் 100 கணக்கு கொடுத்துப் பயனில்லை.

வழி சரி, விடை தப்பு என்றால்? நீளமான கணக்குகளில் செய்முறைக்கும் மதிப்பெண் உண்டு. மனசுக்குள்ளேயே போட்டால் அதுவும் போச்சு!