ஒட்டுத்துணியும் ஊசியும்

பெரும்பொருள்களைப் பற்றியே கட்டுரை வரைதல் வேண்டும் என்பது மாணாக்கர் பலரது எண்ணம். நாட்டின் வருங்காலம், அறிவியலின் ஆக்கம், மொழியின் தொன்மை ஆகியவை பற்றி இப்பக்கங்களில் எழுதுவோர் ஆண்டுதோறும் உளர், அவை வேண்டற்பாலனவே. நாம் ஈண்டு எடுத்துக்கொண்டது மிகச் சிறியதொரு பொருள். தையற்கடையில் வெட்டி எறியப்படும் துண்டுத்துணியும், அதனை ஒன்றாக்கும் ஊசியும், அவ்விரண்டினாலும் ஓர் இல்லத்தில் விளையும் எளிய இன்பமுமே அது. இக்கைப்பழக்கம் நம் வீடுகளை விட்டு மெல்ல நீங்கி வருகின்றது. அதனை ஆடவரும் பெண்டிரும் ஒருங்கே மீண்டும் பயிலுதல் வேண்டும் என்பது நம் கருத்து.

காவிரி பாயும் இந்நெல்நாட்டு வீடுகளில் ஒரு நூற்புடவையின் வாழ்நாள் நெடியது. உடுத்து நைந்த பின் அது தூளியாயிற்று. தூளி கிழிந்தபின் நாலாய் மடித்துத் தைக்கப்பெற்றுக் குழந்தைக்கு விரிப்பாயிற்று. விரிப்பும் நைந்தபின் அடுப்படியில் சுடுகலம் இறக்கும் கைப்பிடித்துணி ஆயிற்று. பழைய வேட்டியின் கடைசித் துண்டு திரியாகத் திரிக்கப்பட்டு மாடத்து விளக்கில் எரிந்தது. சட்டைத்துணியில் எஞ்சிய துண்டுகள் பாட்டிமார் இடுப்பில் செருகும் சுருக்குப்பை ஆயின. வெற்றிலையும் சீவலும் சில்லறைக் காசும் அதனுள் அடங்கின. இவற்றுள் ஒன்றேனும் கடையில் வாங்கப்பட்டதன்று. ஒவ்வொன்றும் ஒருவர் மற்றொருவருக்காக அமர்ந்து தைத்தது.

இக்கலை நம் நாட்டிற்குப் புதிதன்று. 1010-ஆம் ஆண்டில் நிறைவெய்திய தஞ்சைப் பெருவுடையார் கோயிலின் சுவரில், முதலாம் இராசராசன் கோயிற்பணிக்கு அமர்த்தியோரின் நீண்ட பட்டியல் வெட்டப்பட்டுள்ளது. ஆடல் மகளிர் 400 பேரையும், இசை வல்லோரையும் கூறும் அக்கல்வெட்டு, குயவர், வண்ணார், தச்சர், பொற்கொல்லர் ஆகியோருடன் தையற்காரரையும் மறவாது குறித்துப் பங்கு வகுத்துள்ளது. அத்தொழிலின் ஒரு கிளை இன்றும் தஞ்சை வட்டாரத்தில் வாழ்கின்றது. தேரில் உருளைபோல் தொங்கும் தொம்பைகளும், தோரணங்களும், திருக்குடைகளும், பல நிறத் துணிகளை உருவங்களாக வெட்டி, ஒன்றன்மேல் ஒன்று வைத்துத் தைக்கும் ஒட்டுவேலையால் ஆக்கப்படுவன. திருவாரூர் ஆழித்தேர் மூங்கிலாலும் துணியாலும் அணிசெய்யப்பெற்று 96 அடி உயர்ந்து நிற்கும்போது, அதனை அண்ணாந்து நோக்குவோர் அத்துணியின் தையலை நினைப்பதில்லை. ஆயினும் அத்தையல் இன்றேல் அத்தோற்றம் இல்லை.

இன்னுமொரு செய்தி நம் வயல்நாட்டார் அறிந்து மகிழத்தக்கது. புத்தர் மகதநாட்டு வயல்களையும் அவற்றைப் பிரிக்கும் வரப்புகளையும் கண்டு, துறவிகளின் ஆடையையும் அவ்வாறே துண்டுகளை இணைத்து அமைக்க இயலுமோ என ஆனந்தரை வினவினார் என்றும், அவர் அங்ஙனமே தைத்துக் காட்டினார் என்றும் விநய பிடகத்து மகாவக்கம் கூறுகின்றது. நம் நாகப்பட்டினத்தில், இராசராசன் காலத்தில், கடல்கடந்த ஸ்ரீவிஜய மன்னர் எடுப்பித்த சூடாமணி விகாரத்தில் வாழ்ந்த துறவிகளும் அம்மரபினரே. துண்டு வயல்கள் சேர்ந்து ஒரு நாடாவதுபோல், துண்டுத்துணிகள் சேர்ந்து ஓர் ஆடையாகும் என்னும் எண்ணம், சம்பாப் பயிர் பச்சைபிடித்த காலத்தில் தஞ்சையிலிருந்து திருவையாறு செல்வோர்க்கு எளிதில் விளங்கும்.

இனி, நம் கருத்தை மறுப்போர் கூறுவன மூன்று.

ஒட்டுப்போட்ட துணி வறுமையின் அடையாளம். அதனைப் போற்றுதல் வறுமையைப் போற்றுதலாகும் என்பது முதலாவது. வறுமையால் ஒட்டுப்போட்டவர் பலர் என்பது மெய். அத்துன்பத்தை இனிதென்று கூறுவார் எவரேனும் உளரேல் அவரொடு நாம் உடன்படோம். ஆயினும் வறியோர் கையில் பிறந்தமையால் ஒரு கலை இழிந்ததாகாது. வங்காளத்துப் பெண்டிர் பழம்புடவைகளை அடுக்கி, அவற்றின் கரையிலிருந்தே நூல் உருவித் தைத்த காந்தா விரிப்புகளைச் செல்வரும் விரும்பி வாங்குகின்றனர். வடகன்னட மாவட்டத்தில், ஆப்பிரிக்க வழிவந்த சித்தி மக்கள் தைக்கும் கவந்தி விரிப்புகளும் அத்தகையனவே. அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில், அடிமைகளாயிருந்தோரின் வழிவந்த ஜீஸ் பெண்டு என்னும் சிற்றூர்ப் பெண்டிர், உழவுடையில் எஞ்சிய கந்தல்களால் தைத்த போர்வைகள் 2002-ஆம் ஆண்டில் ஹூஸ்டன், நியூயார்க் நகரங்களின் அருங்காட்சியகங்களில் ஓவியங்கள்போல் தொங்கவிடப்பட்டன. 2006-ஆம் ஆண்டில் அந்நாட்டு அஞ்சல் தலைகளிலும் இடம்பெற்றன. குளிருக்கு அஞ்சித் தைத்த அவர்கள் நிறத்தின் பொருத்தத்தையும் நோக்கியே தைத்தனர் என்பதை அப்போர்வைகளே காட்டும்.

தையல் பெண்டிர்க்குரியது, அதனை மீண்டும் புகுத்துதல் அவரைப் பழைய மூலையில் உட்கார வைப்பதாகும் என்பது இரண்டாவது. இம்மறுப்பில் வலிமை உண்டு. மிஷன் பள்ளிகளில் பெண்பிள்ளைகளுக்கு ஊசியை ஒரு பாடமாக அளித்த காலம் உண்டு. நாகர்கோவிலில் மால்ட் அம்மையாரும், இடையன்குடியில் அவர்தம் மகளாரும் கால்டுவெல்லின் மனைவியாருமான எலைசா அம்மையாரும் வளர்த்த பின்னல்வேலை பல ஏழைப் பெண்டிர்க்குச் சொந்த ஊதியத்தைத் தந்தது. அந்நன்மையை மறுப்பதற்கில்லை. ஆயினும் அப்பயிற்சி ஆண்பிள்ளைகளுக்கு இல்லாமற்போனதே குறை. தையல் என்னும் சொல் நம் மொழியில் பெண்ணையும் குறிக்கும், அழகையும் குறிக்கும். அது கொண்டு இத்தொழிலை ஒரு பாலார்க்கே உரியதாக்குதல் பொருந்தாது. நம் கடைத்தெருத் தையற்காரரும், தேர்த்தொம்பை தைப்போரும் பெரும்பாலும் ஆடவரே. கூலிக்குத் தைக்கும்போது ஆடவர் தொழிலாயிருப்பது, வீட்டில் பொத்தான் அறுந்தபோது மட்டும் பெண்டிர் கடமையாவது எங்ஙனம்? ஊசியை விலக்குதல் இதற்கு மருந்தன்று. இருபாலார் கையிலும் அதனைத் தருதலே மருந்து.

ஆயத்த ஆடை மலிந்த இந்நாளில் கைத்தையல் வீண்காலம் என்பது மூன்றாவது. பொறியை நாம் பழிக்கவில்லை. பொறிகளை எதிர்த்தவராகக் கருதப்பட்ட காந்தியடிகளே 1924-ஆம் ஆண்டில் நிகழ்ந்த ஓர் உரையாடலில், சிங்கர் தன் மனைவியின் உழைப்பைக் குறைக்க விரும்பி அமைத்தது எனக் கூறித் தையற்பொறிக்கு விலக்களித்தார். ஆயினும் விலை மலிந்தது எனப்படும் ஆடையின் முழுவிலையை நாம் கொடுப்பதில்லை. ஒரு பருத்திச் சட்டைக்கு, பருத்தி விளைவது முதலாக ஏறத்தாழ 2,700 லிட்டர் நீர் செலவாகின்றது எனக் கணக்கிட்டுள்ளனர். ஆண்டுதோறும் சூன் 12-ஆம் நாளை எதிர்நோக்கி, மேட்டூர் அணை திறக்குமோ திறவாதோ என ஏங்கும் உழவர் குடியிற் பிறந்தோர், ஒரு சிறு கிழிசலுக்காகச் சட்டையை எறியும்போது எறிவது துணியை மட்டுமன்று. தமிழ்நாட்டில் 2019-ஆம் ஆண்டு சனவரி முதல் நாள் தொட்டு ஒருமுறை எறியும் நெகிழிப் பைகள் தடைசெய்யப்பட்டன. 2021-ஆம் ஆண்டு திசம்பரில் அரசு மீண்டும் மஞ்சப்பை இயக்கத்தைத் தொடங்கிற்று. பழைய வேட்டி ஒன்றும் ஒரு மணி நேரமும் இருப்பின், அப்பையை வாங்கவும் வேண்டுவதில்லை.

பயன் இங்ஙனமாக, இன்பத்தையும் சிறிது கூறுதல் வேண்டும். ஐப்பசி அடைமழையில் வெளியே செல்ல இயலாத மாலைப்பொழுதில், நான்கு பேர் வட்டமாய் அமர்ந்து துணி தெரிந்தெடுக்கும்போது பேச்சுத் தானே வளரும். கை வேலையிலிருப்பதால் பேச்சில் வெம்மை குறையும். எந்தத் துண்டு எவருடைய சட்டையில் எஞ்சியது, எந்தப் பொங்கலுக்கு எடுத்தது என்னும் வீட்டு வரலாறு வெளிப்படும். தேர்வும் மதிப்பெண்ணும் இல்லாத ஒரு பணியை முடித்துக் கையில் ஏந்தும் மகிழ்ச்சியை நம் மாணாக்கர் அறிதல் நன்று.

தொடங்குவோர்க்குச் சுருக்குப்பையே ஏற்றது. நூற்றுணியோடு நூற்றுணியே சேர்க்க; சாயமும் சுருக்கமும் தெரியும்பொருட்டு முதலில் நனைத்து உலர்த்துக. துண்டுகளை இணைத்து இரு சாண் நீளமும் ஒரு சாண் அகலமும் ஆக்கி, நல்ல முகம் உள்ளே இருக்குமாறு இரண்டாய் மடித்து, வாயருகே இரு விரற்கடை விட்டு இருபக்கமும் நெருங்க நூலோட்டுக. வாயோரத்தை வெளிப்புறம் மடித்துக் குழல்போல் தைத்து, பையைத் திருப்பி, இரு கயிறுகளை எதிரெதிராகக் கோத்து முடிந்தால் பை முற்றுப்பெறும்.

நாம் வேண்டுவது பெரியதன்று. ஒவ்வொரு விடுதியிலும் ஒரு பெட்டி வைக்கப்படுக. அதில் ஊசி, நூல், பொத்தான், கத்தரிக்கோல் இருக்க. அண்டைத் தையற்கடைகளில் கேட்டுப் பெறும் துண்டுத்துணிகள் சேர்க்கப்படுக. வாரத்தில் ஒரு மாலை, விரும்பும் மாணவரும் மாணவியரும் ஆசிரியரும் தத்தம் விடுதியில் ஒருங்கமர்ந்து பழகுக. பழைய மாணாக்கருள் இக்கை வல்லோர் ஒரு நாள் வந்து கற்பிப்பாராயின் அது கல்லூரிக்குச் செய்யும் சிறந்த கொடையாகும். பட்டம் பெற்று வெளியேறும் ஒருவர், தம் சட்டையின் கிழிசலைத் தாமே தைக்கவும், தம் தாய்க்கு ஒரு சிறு பை தைத்துக் கொடுக்கவும் வல்லவராயிருத்தல் அவர் கல்விக்குக் குறையாகாது, நிறைவே ஆகும்.