தொடர்கதையும் தோழர் கூட்டமும்

நம் கல்லூரி மாணவரிடையே கதை எழுதும் ஆர்வம் மிகுந்து வருதல் கண்டு யாம் மகிழ்கின்றோம். முன்னாளில் ஆண்டுக்கொருமுறை இம்மலரில் தம் சிறுகதை ஒன்று வெளிவருதலையே மாணவர் பெரும் பேறாகக் கருதினர். இந்நாளிலோ விடுதி மாணவர் பலர் வாரம் ஓர் அத்தியாயமாக நெடுங்கதை எழுதிக் கைப்பேசி வாயிலாகவே பலருக்கும் அனுப்பிவிடுகின்றனர். இரவு பத்து மணிக்கு எழுதி முடித்த அத்தியாயம் விடிவதற்குள் கடல் கடந்தும் சென்றுவிடுகின்றது. அச்சகத்தாரையும் பத்திராதிபரையும் நாடிக் காத்திருக்க வேண்டுவதில்லை. இது பெரும் வசதியே, ஐயமில்லை. ஆயினும் அவ்வத்தியாயங்களைப் படிப்போர் எழுதியவனுக்கு யாது விடை எழுதுகின்றனர் என்று நோக்கினால், பெரும்பாலும் 'அருமை' என்பதும், 'அடுத்தது எப்போது?' என்பதுமே காணப்படும். இவ்விரண்டாலும் கதாசிரியன் அடையும் பயன் மிகச் சிறிது. கதை முடியுமுன்னரே, தாமும் கதை எழுதுவோராகிய நாலைந்து தோழரிடம் அதனைக் காட்டி, அவர் குறை கூறக் கேட்டு மேலே எழுதுதலே தக்கது என்பது எமது துணிபு.

நூலைப் பலரறியக் காட்டித் தடை விடைகளுக்கு ஆளாக்குதல் தமிழர்க்குப் புதிதன்று. தொல்காப்பியம் நிலந்தரு திருவிற் பாண்டியன் அவையில் அதங்கோட்டாசான் முன்னர் அரங்கேறியது என அதன் பாயிரம் கூறும். ஆனால் அரங்கேறுவது முடிந்த நூல். தடை எழுப்புவோர்க்கு விடை கூறி நூலை நிலைநாட்டுதல் அங்கே ஆசிரியன் கடமை. தொடர்கதையோ அரைகுறையாக நிற்கையிலேயே வெளியே வந்துவிடுகின்றது. ஐந்தாம் அத்தியாயத்தில் நேர்ந்த வழுவைப் பதினைந்தாம் அத்தியாயத்திலேனும் நேர்செய்ய வழியுண்டு. யாரேனும் அதனை எடுத்துக்காட்டினாலன்றோ!

தமிழ் நாவலின் இளமைப் பருவமே தொடர்கதையாகத்தான் கழிந்தது என்று சொல்லலாம். 1892-ஆம் ஆண்டில் 'விவேக சிந்தாமணி' என்னும் மாதப் பத்திரிகையில் அ. மாதவையா 'சாவித்திரி சரித்திரம்' எழுதத் தொடங்கினார். அது இடையே நின்றுபோய், பின்னர் 1903-இல் 'முத்துமீனாட்சி' என நூலுருப் பெற்றது. அதே பத்திரிகையில் 1893 முதல் 1895 வரை பி. ஆர். ராஜமையரின் 'கமலாம்பாள் சரித்திரம்' வெளிவந்தது. இருவரும் 1872-இல் பிறந்தவர்; இருவரும் சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியிற் பயின்றவர். அந்நாளில் அவர்க்கு வயது இருபதை ஒட்டியது. அஃதாவது, இன்று நம் வகுப்புகளில் அமர்ந்திருப்போரின் வயதே. கமலாம்பாளைப் படிப்போர், அதன் முற்பகுதியில் ஊர்வம்பும் நகைச்சுவையும் பெருகி ஓடுவதையும், பிற்பகுதியில் அவை மெல்ல விலகி வேதாந்தத்துக்கு இடங்கொடுப்பதையும் காண்பர். 'ஐயா, அந்தச் சிறுகுளம் எங்கே போயிற்று?' என்று கேட்கும் நண்பனொருவன் அருகே இருந்திருப்பின் நன்றாயிருக்குமே என்று எமக்குத் தோன்றுவதுண்டு. அப்பிற்பகுதியையே உயர்ந்ததென்பாரும் உளர். அவரோடு யாம் வழக்காட வரவில்லை.

அச்சேறும் வாய்ப்பில்லாத இளைஞர் கையெழுத்துப் பத்திரிகை நடத்திய வழக்கம் நம் பெரியோர் பலர்க்கும் நினைவிருக்கும். ஒரே பிரதி, அது வீடு வீடாகச் செல்லும். சிலவற்றில் இறுதியிலே வெற்றுத்தாள் தைத்து வைத்து, படித்தோர் தத்தம் அபிப்பிராயத்தை எழுதுமாறு செய்வர். கதைக்கு மேலான சுவை அத்தாள்களில் இருந்ததும் உண்டு.

எழுதுவோர் தமக்குள் கூடிப் படித்தலால் விளையும் நன்மைக்கும் இடருக்கும் யாம் அறிந்தவற்றுள் சிறந்த சான்று ஆக்ஸ்போர்டில் உள்ளது. அப்பல்கலைக்கழகப் பேராசிரியர் டோல்கீனும், அவர் நண்பர் லூயிஸும், வேறு சிலரும் சேர்ந்து 'இங்க்லிங்ஸ்' என்ற பெயரால் ஒரு கூட்டமாக இயங்கினர். வியாழக்கிழமை இரவுகளில் மாட்லன் கல்லூரியிலிருந்த லூயிஸின் அறையிற் கூடி, அவரவர் எழுதிக்கொண்டிருப்பதைப் படிப்பர். ஏனையோர் கேட்டுக் கருத்துரைப்பர். டோல்கீன் 1937-ஆம் ஆண்டு டிசம்பரில் தொடங்கிய 'லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்' என்னும் பெருங்கதை அங்கே அத்தியாயம் அத்தியாயமாக வாசிக்கப்பெற்றது. 1944-இல் விமானப்படைப் பயிற்சிக்காகத் தென்னாப்பிரிக்கா சென்றிருந்த தம் மகனுக்கும் அவர் புதிய அத்தியாயங்களை அஞ்சலில் அனுப்பிவந்தார். அந்நூல் அச்சில் வெளிவந்தது 1954, 1955 ஆண்டுகளில். இடைப்பட்ட நெடுங்காலத்தில் கதை பன்முறை நின்றது. லூயிஸ் ஊக்கியிராவிடில் அதனை முடித்திருக்கமாட்டேன் என்று டோல்கீனே பிற்காலத்தில் தெரிவித்துள்ளார்.

எனினும் அக்கூட்டத்தில் எல்லாம் இனிமையாகவே நடந்தன என்று எண்ணற்க. டைசன் என்னும் உறுப்பினர்க்கு இக்கதை சிறிதும் பிடிக்கவில்லை. அவர் வெறுப்புக்கு அஞ்சி, அவர் இருக்கும் இரவுகளில் அதனைப் படிப்பதையே விட்டுவிட நேர்ந்தது. இனி, 1949-இல் லூயிஸ் தாம் புதிதாக எழுதிய சிறுவர் கதையை டோல்கீனிடம் காட்டியபோது, தம்மால் அத்துணை ஊக்கம் பெற்றவராயிற்றே என்று அவர் எதிர்பார்த்திருக்கலாம். டோல்கீனோ அதனை விரும்பவில்லை. ஆயினும் லூயிஸ் அதனைக் கிழித்தெறியவில்லை. மறு ஆண்டே வெளியாகி, நார்னியாக் கதைகளில் முதலாவதாக உலகெங்கும் பரவியது. ஆகவே நண்பர் கூறும் 'பிடிக்கவில்லை' என்பதும் 'அருமை' போன்ற ஒரு சொல்லே. அது கூறுவோர் சுவையைத் தெரிவிக்கும். கதையின் கண் உள்ள குற்றத்தைத் தெரிவிக்காது.

அங்ஙனமாயின் யாதுதான் பயன்படும்? எமக்குத் தெரிந்த மாணவர் ஒருவர் உப்பளத்தில் வேலை செய்யும் பெண்ணொருத்தியைப் பற்றித் தொடர்கதை எழுதிவந்தார். பதினோர் அத்தியாயம் வரை எல்லோரும் புகழ்ந்தனர். அவள் கார்த்திகை மாதத்து வெயிலிற் பாத்தியில் உப்பு வாருவதாகவும், ஆங்கே மேற்பார்வையாளனோடு சச்சரவு நேர்வதாகவும் ஓர் அத்தியாயம் அமைந்திருந்தது. தூத்துக்குடியை அடுத்த ஊரினளாகிய உடன்மாணவி ஒருத்தி, தானும் கதை எழுதுபவள், அதனைப் படித்துவிட்டு ஒரே ஒரு வினாக் கேட்டாள்: 'கார்த்திகையில் உப்பு ஏது?' வடகிழக்குப் பருவமழை இறங்கிவிட்டால் பாத்திகளில் மழைநீர் நிறைந்து உப்பு விளைவது நின்றுவிடும். அம்மாதங்களில் உப்பளத்தார்க்கு வேலையும் இல்லை, கூலியும் இல்லை. எழுதியவர் இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. பின்னர், சச்சரவைப் பங்குனிக்கு மாற்றிக்கொண்டு, கார்த்திகைக்கு வேறோர் அத்தியாயம் எழுதினார். அதில் அப்பெண் வேலையின்றித் திண்ணையில் அமர்ந்து மழையைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். கடைக்காரர் கடன் கொடுக்க மறுக்கிறார். அக்கதை முழுவதிலும் நின்று நினைவில் நிலைப்பது அவ்வோர் அத்தியாயமே. நூறு பேர் புகழ்ச்சி செய்யாததை மூன்று சொல் செய்தது. அம்மாணவி, 'இவ்வாறு மாற்றி எழுதுக' என்று ஒன்றும் கூறவில்லை என்பதையும் கருதவேண்டும். தனக்கு எவ்விடத்தில் கதை பொய்யாய்ப் பட்டது என்பதை மட்டும் கூறினாள்.

கதையை எப்படி மாற்றுவதென்று சொல்லத் தொடங்கிவிட்டால் பெரியோரும் தடுமாறுவர். டிக்கன்ஸ் தம் வாரப் பத்திரிகையில் 1860 டிசம்பர் முதல் 1861 ஆகஸ்டு வரை எழுதிய 'கிரேட் எக்ஸ்பெக்டேஷன்ஸ்' என்னும் கதையை, காதலர் இருவரும் என்றென்றைக்கும் பிரிந்துபோவதாகவே முதலில் முடித்திருந்தார். அச்சுப்படியைப் படித்த நண்பர் புல்வர் லிட்டன் என்னும் நாவலாசிரியர் முடிவை மாற்றுமாறு வேண்டவே, அவர் இருவரும் மீண்டும் கூடுதற்கு இடமிருப்பதாக மாற்றி எழுதினார். பழைய முடிவு, டிக்கன்ஸின் வரலாற்றை எழுதிய ஃபார்ஸ்டரால் பின்னர் வெளியிடப்பெற்றது. இரண்டனுள் எது சிறந்தது என்று இன்றளவும் வாதிடுகின்றனர். எமக்குப் பழையதே பிடிக்கும். நாடறிந்த எழுத்தாளர் ஒருவர்க்கே தோழர் சொல் இத்துணை வலியதாயின், முதற்கதை எழுதும் மாணவன் நிலை என்னாகும்? அவன் கேட்பார் சொல்லுக்கெல்லாம் இசைந்து, இருவரைச் சேர்த்தும் பிரித்தும், இறந்தவனை எழுப்பியும், இறுதியில் தன் கதையை எவர் கதையோ ஆக்கிவிடுவான்.

ஆதலின் குறை கூறுவோர்க்கும் ஒரு வரம்பு வேண்டும். எவ்விடத்தில் கவனம் தளர்ந்தது, எப்பேச்சு அப்பாத்திரத்தின் வாயில் ஒட்டவில்லை, எதனை நம்ப இயலவில்லை என்பவற்றைக் கூறுக. பரிகாரத்தை எழுதியவனிடமே விட்டுவிடுக. இங்ஙனம் கூறுதற்கு அத்தியாயத்தை இருமுறை படிக்கவேண்டும். அவ்வுழைப்புக்கு நம்மவர் எளிதில் இசைவதில்லை. தம் கதையைப் பிறர் படிக்கவேண்டும் என்பார் பலர், பிறர் கதையைத் தாம் படிப்பவர் சிலரே. தம்முடையதைப் படித்து முடித்தவுடன் கடிகாரத்தைப் பார்க்கும் அன்பர் எக்கூட்டத்திலும் ஒருவர் இருப்பர். இவ்விருசாராரையும்விடக் கொடியவர் ஏளனம் செய்வோர். மாணவி ஒருத்தி எழுதிய நாவலின் ஆறாம் அத்தியாயத்தை விடுதி உண்டிச்சாலையில் உரக்கப் படித்து நகைத்தனர் சிலர். ஏழாம் அத்தியாயம் எழுதப்படவேயில்லை. அது நல்ல கதையாய் வளர்ந்திருக்குமா என்பதை இனி எவரும் அறியார்.

நம் கல்லூரியில் இத்தகைய கூட்டம் ஒன்று அமைத்தல் அரிதன்று. அறுவருக்கு மேற்படலாகாது. வாரத்தில் ஒரு நாள், ஓர் அத்தியாயம், கால்மணி நேர வாசிப்பு. ஏனையோர் பேசி முடிக்கும்வரை எழுதியவர் வாய் திறவாதிருத்தல் வேண்டும், இஃதொன்றுதான் கடினம். பிறர் கதை இரண்டைப் படித்துக் கருத்துரைத்த பின்னரே தம் கதையைப் படிக்கும் உரிமை எய்தும் என விதித்தால், கடிகாரம் பார்ப்போர் தாமே விலகிக்கொள்வர். நூலகத்தை அடுத்த சிற்றறை வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிக்குமேல் வெறிதே கிடக்கின்றது. அதன் திறவுகோலுக்குத் தமிழ்த்துறையாரைக் கேட்டிருக்கின்றோம்.