செக்டிஸ்க் டாக்டர் இல்லீங்க!

கம்ப்யூட்டரை ஆன் பண்ணினா கறுப்புத் திரையில செக்டிஸ்க் ஓட ஆரம்பிச்சு, பத்து சதவீதத்துல போய் சட்டமா உக்காந்துக்கும். உடனே நம்ம மக்கள் சொல்ற வைத்தியம் ஒண்ணுதான்: "ராத்திரி முழுக்க ஓட விடுங்க நானா, காலையில சரியாயிடும்." எனக்கு இதுல சுத்தமா உடன்பாடு இல்லை.

செக்டிஸ்க் பாக்கிறது முக்கியமா கணக்குப் புத்தகத்தைத்தான். எந்த ஃபைல் வட்டுல எங்கே இருக்குங்கிற பதிவேடு அது. பொசுக்குன்னு கரண்ட் போனா அந்தக் கணக்கு குழம்பிடும். நாகூர்க்காரனுக்கு இதைச் சொல்லித் தரவே வேணாம். 2018 நவம்பர் 16 கஜா புயலுக்கப்புறம் நாகை மாவட்டத்துல பல ஊர் நாள்கணக்கா இருட்டுல கிடந்ததே! அந்த மாதிரிக் குழப்பத்துக்கு செக்டிஸ்க் நல்ல மருந்து.

ஆனா வட்டே கெட்டுப்போயிருந்தா? 'ஸ்லாஷ் ஆர்' போட்டு ஓட்டினா ஒவ்வொரு செக்டாரையும் படிச்சுப் பாக்கும். நல்ல வட்டுலயே 1 டெராபைட்டுக்கு, நொடிக்கு 100 மெகாபைட் வேகம்னு வெச்சாலும், மூணு மணி நேரம் கிட்ட ஆகும். கெட்ட இடம் வந்தா டிரைவ் அதையே திரும்பத் திரும்பப் படிக்கப் பாக்கும். நாம 'ஸ்டக் ஆயிடுச்சு'ன்னு சொல்றது பெரும்பாலும் இதைத்தான். மூச்சு வாங்குற ஆளை விடிய விடிய ஓட விடுற கதை! கடைசியில 'ஃபவுண்ட் 000'னு ஒரு ஃபோல்டர்ல பேர் இல்லாத துண்டுகளா மிஞ்சினாலும் மிஞ்சும்.

நம்ம ஊர்ல பாதி வீட்டு ஆம்பளைங்க சிங்கப்பூர், மலேசியா, வளைகுடான்னு இருக்காங்க. நிக்காஹ் வீடியோ, மவுத்தான வாப்பாவோட குரல் எல்லாம் ஒரே ஒரு ஹார்ட் டிஸ்க்ல. விண்டோஸை எத்தனை தடவை வேணா திரும்பப் போட்டுக்கலாம். இதை?

அதனால சந்தேகம் வந்தா முதல்ல காப்பி, அப்புறம்தான் ரிப்பேர். செக்டிஸ்க் தானா கிளம்பினா, ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி சில நொடி தருமே, அதுக்குள்ள ஒரு கீயைத் தட்டி நிறுத்திடுங்க. விண்டோஸ் வந்தா கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோவுல ஸ்மார்ட் விவரத்தைப் பாருங்க. 5, 197ன்னு ரெண்டு வரிசை (16 அடிமான எண்ணுல காட்டினா 05, சி5). அதுல எண்ணிக்கை ஏறிக்கிட்டே போனா வட்டு கிளம்பத் தயாராகுதுன்னு அர்த்தம். லினக்ஸ் பென்டிரைவ்ல பூட் பண்ணி டிடிரெஸ்க்யூ ஓட்டுங்க, இலவசம்தான். முதல்ல சுலபமா வர்றதை அள்ளிக்கும், முரண்டு பிடிக்கிற இடத்துக்கு அப்புறமா திரும்பி வரும்.

'டக் டக்'னு சத்தம் கேட்டா அதுவும் வேணாம். பவரைப் பிடுங்கிட்டு டேட்டா ரெக்கவரி ஆளுங்ககிட்ட கொண்டு போங்க.