ஊர்ப்பொதுவும் இணைய வழியும்

ஊர் என்பது வீடுகளின் தொகுதி மட்டுமன்று; வீட்டையும் வீட்டையும் இணைக்கும் வழிகளின் தொகுதியுமாம். தெருவும் பாலமும் இல்லையாயின், ஆயிரம் வீடுகள் அடுத்தடுத்து நின்றாலும் அவை ஓர் ஊராகா. இவ்வழிகளுள் எவற்றை ஊரார் தம் பொதுவுடைமையாகக் கொள்ளல் வேண்டும், எவற்றை வணிகர்க்கு விட்டுவிடலாம் என்பது பழைய வினா. இக்காலத்தே அவ்வினா இணையக் கம்பியைக் குறித்து எழுந்துள்ளது. விரைவு இணையத்தை ஊராரே அமைத்து நடத்தல் தகுமா என்று அமெரிக்க ஐக்கிய நாடுகளில் நெடுநாளாக வாதிட்டு வருகின்றனர். அவ்வாதத்தில் பெரிதும் பேசப்படும் நகரம், டென்னசி மாநிலத்துச் சட்டனூகா. அதன் வரலாற்றைச் சுருங்கக் கூறி, என் கருத்தையும் நண்பர்கள் முன் வைக்க விரும்புகின்றேன்.

டென்னசி யாற்றங்கரையிலுள்ள இந்நகரம் இரயில் பாதைகள் கூடும் சந்தியாகவும், இரும்பு வார்க்கும் தொழிற்கூடங்கள் நிறைந்த இடமாகவும் விளங்கிற்று. தொழில் பெருகப் புகையும் பெருகிற்று. சுற்றிலும் மலைகள் நிற்றலின் அப்புகை வெளியேற வழியின்றித் தங்கிற்று. நாட்டிலேயே காற்று மிக மாசுற்ற நகரம் என்னும் இழிபெயர் 1969-ஆம் ஆண்டில் அதற்கு வாய்த்தது. பின்னர்த் தொழிற்கூடங்கள் பல மூடப்பட, வறுமையும் புகுந்தது.

அந்நிலையினின்று நகரம் எழுந்தது எவ்வாறு? முதற்கண் வழிகளைச் செப்பஞ்செய்தே எழுந்தது. 1891-இல் கட்டப்பெற்ற வால்நட் தெருப் பாலம் 1978-இல் வண்டிகளுக்கு மூடப்பட்டது. இடிக்கப்பட இருந்த அதனை நகரத்தார் முயன்று காத்தனர். 1993-இல் அது நடப்போர்க்கே உரிய பாலமாகத் திறக்கப்பெற்றது. 1992-இல் நகர நடுவே மின்கலத்தால் ஓடும் பேருந்துகள் கட்டணமின்றி விடப்பட்டன. வண்டி நிறுத்துமிடங்களில் தண்டிய கட்டணம் அப்பேருந்துச் செலவிற்கு உதவிற்று. பயணச் சீட்டின் வருவாயை மட்டும் எண்ணும் வணிகன் இத்தகைய பேருந்தை விடுவானோ? விடான். ஆனால் அதனால் கடைகளுக்கும், நடப்போர்க்கும், காற்றிற்கும் வந்த ஊதியத்தை ஊர் எண்ணிற்று. ஊர்க்கணக்கு வேறு, கடைக்கணக்கு வேறு என்பதனை அந்நகரத்தார் பட்டறிந்து தெளிந்தனர்.

இத்தெளிவே பின்னர் இணையத்திற்கும் துணையாயிற்று. அங்கே மின்சாரம் வழங்குவது 1935-இல் நிறுவப்பெற்ற நகர மின்சார வாரியம். மரம் முறிந்து ஒரு கம்பி அறுந்தால் பல தெருக்கள் இருளில் மூழ்கும். பழுதுற்ற பகுதியை மட்டும் தானே பிரித்துவிடும் மின்பொறிகளை நிறுவினால் ஏனையோர்க்கு விளக்கு அணையாது. அப்பொறிகள் தம்முள் செய்தி பரிமாறிக்கொள்ளக் கண்ணாடியிழைக் கம்பி வேண்டும். அக்கம்பியிலேயே வீடுகட்கு இணையத்தையும் வழங்கலாமன்றோ? கேபிள் கம்பெனிகள் வழக்குத் தொடுத்தன. ஆயினும் வேலை நிற்கவில்லை. கடன் பத்திரங்களாலும், நடுவணரசு அளித்த ஏறத்தாழ 11 கோடி டாலர் நன்கொடையாலும் பணி நிறைவேறிற்று. 2010-இல் அவ்வாரியம் தன் எல்லையிலுள்ள எவ்வீட்டிற்கும் வினாடிக்கு 1 கிகாபிட் விரைவில் இணையம் தர முன்வந்தது. 2015-இல் அது 10 கிகாபிட்டாக உயர்ந்தது. கொள்ளைநோய்க் காலமான 2020-இல், பள்ளிகள் இணையத்தின் வழியே நடந்தபோது, ஏறத்தாழ 28,000 ஏழை மாணாக்கரின் இல்லங்கட்குக் கட்டணமின்றி இணையம் அளிக்கும் திட்டம் அங்கே தொடங்கிற்று.

இனி, மறுப்போர் கூற்றையும் நடுநிலையோடு கேட்டல் வேண்டும். "ஊராட்சிக்கு வணிகம் தெரியாது, நட்டம் வந்தால் வரி செலுத்துவோர் தலையில் விழும்" என்பது அவர் கூற்று. இது வெறுஞ்சொல்லன்று. யூட்டா மாநிலத்துப் பிரோவோ நகரம் ஏறத்தாழ 3.9 கோடி டாலர் கடன் கொண்டு கண்ணாடியிழை வலை அமைத்தது. அஃது எதிர்பார்த்த வருவாயைத் தரவில்லை. 2013-இல் அதனைக் கூகிள் கம்பெனிக்கு 1 டாலருக்கு விற்க நேர்ந்தது. வலை கைம்மாறிய பின்னும் கடன் நகரத்தாரிடமே நின்றது. ஆகவே, பொதுவுடைமை என்னும் பெயர் ஒன்றே பிழையாத காப்பு எனக் கருதுதல் பேதைமை.

ஆயின், சில ஊர்கள் தவறியமையால் எவ்வூரும் முயலலாகாது என விலக்குதல் நேர்மையாகுமா? டென்னசி மாநிலச் சட்டம், நகர மின்வாரியங்கள் தம் மின்வழங்கு எல்லைக்கு வெளியே இணையம் தருதலைத் தடுத்தது. எல்லைக்கு அப்பாலுள்ள சிற்றூரார் தமக்கும் அது வேண்டுமெனக் கேட்டனர். 2015-இல் நடுவணரசின் தகவல் தொடர்பு ஆணையம் அத்தடையை நீக்கிற்று. 2016-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அவ்வாணையைத் தள்ளிற்று. அவ்வாணையத்திற்கு அதிகாரம் உண்டா என்பதே மன்றத்தின் முன் நின்ற வினா. சிற்றூரார்க்கு இணையம் வேண்டுமா என்பதன்று. வணிகர் இலாபமில்லை என்று வாராத இடத்தில், வர இசைந்த அண்டை ஊராரையும் தடுப்பது, தானும் கிணறு வெட்டாது பிறரையும் வெட்டவிடாமைக்கு ஒப்பாகும்.

எனவே என் துணிபு இது: இணையக் கம்பி இக்காலத்தின் தெரு, தெருவை ஊர் உடைமை கொள்ளும் உரிமை ஊராரிடமே இருத்தல் வேண்டும். அவ்வுரிமையைக் கையாளுமுன் மூன்றினை ஆராய்க. பணியைத் தாங்கவல்ல, பழகிய பொது நிறுவனம் ஒன்று ஊரில் உண்டா? அதன் வரவு செலவு மின்கணக்கோடு கலவாது, ஊரார் காணத் திறந்து வைக்கப்படுமா? பயன் கடைக்கோடித் தெருவையும் சென்று சேருமா? இம்மூன்றும் அமைந்தவழிச் சட்டனூகா பிறக்கும். அமையாதவழிப் பிரோவோ பிறக்கும்.

ஒன்று மட்டும் மறவற்க. கம்பி எத்துணை விரைந்தாலும், மருத்துவமனையில் நோயாளியைத் தூக்கி அமர்த்தும் தாதியையும், விடியுமுன் உணவுச்சாலை அடுப்பை மூட்டுபவரையும் அது சுமந்து செல்லாது. அவர்கட்குப் பேருந்தே வேண்டும். இணையம் வந்தமையால் பேருந்தைக் குறைக்கலாம் என்னும் நகரம், வீட்டிலிருந்தே வேலை செய்யவல்லார்க்கு வழி திறந்து, ஏனையோர்க்கு வழி அடைத்ததாகும். நாளை நம்முள் சிலர் நகர்மன்றங்களிலும் அலுவலகங்களிலும் அமர்வோம். அப்போது எவ்வழியைக் குறித்தும் "இதனால் வருவாய் எவ்வளவு?" என்று மட்டும் கேளாது, "இவ்வழியில் வரமுடியாது நிற்பவர் யார்?" என்றும் கேட்போமாக.