வல்லாரையும் வேண்டும், பரிசோதனையும் வேண்டும்

காட்டூர் முதலாகப் பழவேற்காடு ஏரியைச் சூழ்ந்த மீனவ ஊர்களிலிருந்து மருத்துவம் நாடி வரும் தாய்மார்களுள் நாற்பத்தைந்து வயதைக் கடந்த பலர், மறதியை ஒரு நோயாக எடுத்துரைப்பதில்லை. மூட்டுவலிக்கென்று வருகின்றனர்; மருந்துச் சீட்டைப் பெற்று எழும் வேளையில், “இப்போதெல்லாம் கணக்கு நினைவில் நிற்பதில்லை” என்று தயங்கிக் கூறுகின்றனர். அத்தயக்கத்தை நாம் சிறிதாக எண்ணலாகாது. கூடையில் மீன் ஏற்றிப் பொன்னேரிச் சந்தைக்குச் செல்லும் பெண்ணுக்கு, எவர் எவ்வளவு தரவேண்டும், எந்த மீன் என்ன விலைக்கு எடுத்தது என்பன பெரும்பாலும் ஏட்டில் இருப்பதில்லை, நினைவில்தான் இருக்கின்றன. அவருக்கு நினைவே முதல்.

இவ்வாறு கூறுவோர்க்கு அண்டை வீட்டார் தரும் முதல் அறிவுரை, “வல்லாரை சாப்பிடு” என்பதே. இவ்வறிவுரையை நாங்கள் இகழவில்லை. ஆயினும் அதனோடு நின்றுவிடுவது தவறு என்பதே எங்கள் கருத்து.

முதலில் ஓர் ஆறுதலான செய்தி. இந்தியப் பெண்களுக்கு மாதவிடாய் நிற்பது பெரும்பாலும் 46 வயதை ஒட்டி நிகழ்கிறது. அதற்கு முந்தைய சில ஆண்டுகளில் ஈஸ்ட்ரோஜன் என்னும் இயக்குநீர் ஏறியும் இறங்கியும் குறைகிறது. அந்நீர் கருப்பைக்கு மட்டும் உரியதன்று. மூளையில் நினைவைப் பேணும் பகுதிகளிலும் அது செயற்படுகிறது. மேலும், இரவில் உடல் திடீரென்று சூடேறி வியர்ப்பதால் உறக்கம் கலைகிறது. உறங்காத மூளை புதியவற்றை எளிதில் பதித்துக்கொள்வதில்லை. அமெரிக்காவில் 2,300-க்கும் மேற்பட்ட பெண்களைத் தொடர்ந்து கவனித்து 2009-இல் வெளியான ஆய்வு, மாதவிடாய் நிற்கும் பருவத்தில் கற்கும் திறன் சற்றுத் தளர்வதையும், அப்பருவம் கடந்தபின் அது மீள்வதையும் காட்டியது. எனவே இம்மறதி பெரும்பாலோர்க்கு முதுமை மறதி நோயின் தொடக்கமன்று.

இனி மூலிகைகளைக் காண்போம். நம் நாட்டில் நீர்ப்பிரமியே இதற்கென மிகுதியாக ஆராயப்பட்ட செடி. இலக்னோவிலுள்ள மத்திய மருந்து ஆராய்ச்சி நிறுவனம் அதன் சாற்றைப் பல்லாண்டுகள் ஆராய்ந்து மருந்தாக்கியது. சுமார் 12 வாரங்கள் தொடர்ந்து உட்கொண்டவர்களிடம் கவனத்தின் விரைவில் சிறிது முன்னேற்றம் காணப்பட்டதாகச் சில ஆய்வுகள் கூறுகின்றன. வல்லாரைக்கோ அத்தகைய உறுதியான சான்று கிட்டவில்லை. மனத்தெளிவுக்குச் சிறிது துணைசெய்யலாம் என்ற அளவிலேயே ஆய்வுகள் நிற்கின்றன. வடநாட்டில் இவ்விரண்டையுமே ‘பிரமி’ என்றழைப்பதால், கடையில் வாங்கும் பொடி எதுவென்று கேட்டறிதல் நன்று. வெளிநாட்டு ஜிங்கோ மாத்திரையை 3,000-க்கும் மேற்பட்ட முதியோர்க்கு அளித்து நடத்திய ஆய்வு, அது மறதி நோயைத் தடுக்கவில்லை என 2008-இல் முடிவு கூறியது. மாதவிடாய் நிற்கும் பருவப் பெண்களைத் தனியே கொண்டு நடந்த நல்ல மூலிகை ஆய்வுகளோ மிகச் சில.

ஆங்கில மருந்தாயினும் இதே அளவுகோல்தான். 65 வயதைக் கடந்த பெண்களுக்கு ஈஸ்ட்ரோஜனும் அதன் துணை இயக்குநீரும் சேர்த்து அளித்தபோது மறதி நோய் குறையவில்லை, கூடியது என்று 2003-இல் தெரியவந்தது. கடுமையான உடற்சூட்டுக்கு உரிய வயதில் மருத்துவர் தரும் இயக்குநீர் மருத்துவம் வேறு. நினைவுக்கென்று அதை நாடுவது வேறு.

“மூலிகைதானே, தீங்கு என்ன?” என்று கேட்போர் உண்டு. அமுக்கரா தைராய்டு சுரப்பைக் கூட்டக்கூடும்; அரிதாகக் கல்லீரலையும் தாக்கியுள்ளது. ஜிங்கோ, ஆஸ்பிரின் உண்போர்க்குக் குருதிக்கசிவை மிகுவிக்கக்கூடும். தென்னாசியாவில் செய்து பாஸ்டன் நகரில் விற்கப்பட்ட ஆயுர்வேதப் பொருள்கள் 70-ஐச் சோதித்தபோது 14-இல் ஈயமோ பாதரசமோ ஆர்சனிக்கோ இருந்தமை 2004-இல் வெளியாயிற்று. ஈயம் மூளைக்கே பகை. நினைவுக்கென்று உண்பது நினைவையே கெடுத்தால் என் செய்வது? இவ்விடத்தில் நம் ஊரார்க்கு ஒரு சொல்: வல்லாரையும் நீர்ப்பிரமியும் ஈரநிலச் செடிகள், தாம் வளரும் நீரிலும் சேற்றிலும் உள்ள உலோகங்களை உறிஞ்சும் இயல்பின. ஆகவே கழிவுநீர் ஓடும் வாய்க்காலோரத்திலும், சாம்பலும் ஆலைக்கழிவும் கலக்கும் நீர்நிலையிலும் பறிக்காதீர்கள். வீட்டுத் தொட்டியில் நல்ல மண்ணில் வளர்த்துக் கீரையாகவோ துவையலாகவோ உண்பது சிறந்தது.

எல்லாவற்றிலும் பெரிய தீங்கு காலம் கடத்துவதே. இரத்தசோகை, தைராய்டு குறைவு, வைட்டமின் பி12 குறைபாடு, சர்க்கரை, இரத்தக்கொதிப்பு, மனச்சோர்வு ஆகிய அனைத்தும் மறதியாகவே முகம் காட்டும். இவற்றுள் பலவற்றை எளிய இரத்தப் பரிசோதனையால் கண்டறியலாம், மருந்தால் திருத்தலாம். தைராய்டு குறைந்தவர் ஆறு மாதம் வல்லாரைப் பொடி உண்டு காத்திருந்தால், இழந்தது அந்த ஆறு மாதமே.

2024-இல் லான்செட் ஆணையம், உலகில் மறதி நோயில் 45 விழுக்காடு வரை, மாற்றக்கூடிய 14 காரணங்களோடு தொடர்புடையது என்றது. இரத்தக்கொதிப்பு, சர்க்கரை, காதுகேளாமை, பார்வைக்குறை, தனிமை ஆகியவை அவற்றுள் அடங்கும். இவற்றைப் பேணுவதற்கு விலையுயர்ந்த குப்பி எதுவும் வேண்டியதில்லை. தமிழக அரசு 2021-இல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் கொதிப்புக்கும் சர்க்கரைக்கும் மருந்து வீட்டு வாசலுக்கே வருகிறது. கானாங்கெளுத்தியும் மத்தியும் மூளைக்கு நல்ல கொழுப்பு உடையவை. பிறர்க்கெல்லாம் பரிமாறிய பின் எஞ்சிய குழம்போடு உண்டு எழும் தாய்க்கும் அதில் ஒரு துண்டு உரியது.

ஆகவே குடும்பத்தாரை வேண்டுகிறோம். அம்மா மறந்தால் நகையாடாதீர்கள். அவரை ஒருமுறை பரிசோதனைக்கு அழைத்து வாருங்கள். பழகிய வழி தடுமாறினாலோ, பணத்தை எண்ண இயலாவிட்டாலோ, கேட்டதையே மீண்டும் மீண்டும் கேட்டாலோ தாமதிக்காதீர்கள். தாய்மார்களே, நீங்கள் உண்ணும் பொடியையும் லேகியத்தையும் மறைக்காமல் கையோடு எடுத்து வாருங்கள். சித்த மருத்துவரிடம் ஆங்கில மருந்தையும், எங்களிடம் சித்த மருந்தையும் காட்டுங்கள். நாங்கள் சினந்துகொள்ள மாட்டோம். மருத்துவர்களாகிய எங்களுக்கும் ஒரு கடமை உண்டு: மூட்டுவலியைக் கேட்டு முடித்தபின், “உறக்கம் எப்படி, நினைவு எப்படி?” என்று நாங்களே முந்திக் கேட்க வேண்டும்.