கொன்றையை வெட்டுமுன் நிழலை அளந்து பாருங்கள்

அம்பத்தூரில் எங்கள் தெருச் சரக்கொன்றை சித்திரையிலும் பூப்பதில்லை, வெட்டிவிடலாம் என்கிறார்கள். குற்றம் மரத்தினுடையதன்று என்பேன். அதற்கு 6 அடி தெற்கே 20 அடி உயர மாடிவீடு நிற்கிறது. நம் ஊரின் அட்சரேகை வடக்கு 13 பாகை. ஆதலால் டிசம்பர் 22 நண்பகலில் சூரியன் தலையுச்சியிலிருந்து சுமார் 36½ பாகை தெற்கே சாய்ந்திருக்கும்; வீட்டு நிழல் வடக்கே 15 அடி விழும். 12 அடி மரம் ஏறக்குறைய முழுதும் அதில் மூழ்கிவிடுகிறது. ஜூனிலோ சூரியன் உச்சிக்கு வடக்கே போய்விடுகிறது. நிழல் தென்புறம் 4 அடிகூட இராது. கோடையில் மட்டும் பார்ப்பவர், "வெயில்தான் கொளுத்துகிறதே, உரம் போடு!" என்பார். கொன்றைக்குப் பனிக்கால வெயிலும் வேண்டுமே! மார்கழியில் ஒரு கோலை நட்டு நீங்களே அளந்து பாருங்கள். கொன்றை 30 அடிக்கு மேலும் வளரும். மாடியைத் தாண்டித் தலை நீட்டும்வரை பொறுக்கலாமே.