மெட்ராஸில் பிடிபட்ட மரபணு மூட்டை

ஜவ்வாது மலையில் பிறக்கும் செய்யாறு, கீழே இறங்கிப் பாலாற்றில் கலக்கிறது. தண்ணீருக்கு மேலிருந்து கீழே போக மட்டும்தான் தெரியும். கிருமிகளுக்கு இரண்டு வழியும் தெரியும். ஜமுனாமரத்தூரிலிருந்து கூலி வேலைக்கு வெளியூர் போய்த் திரும்புகிறவர்களோடு அவை மலையும் ஏறும். மருந்துக்கு அடங்காத குணத்தையும் கையோடு கொண்டு வரும். இதைவிட ஆச்சரியம், அந்தக் குணத்தை வழியில் சந்திக்கும் வேறொரு கிருமிக்குத் தூக்கிக் கொடுத்துவிடும் என்பதுதான்.

இதற்கு உலகப் புகழ்பெற்ற உதாரணம் மலைக்கு வெகு தொலைவில் இல்லை.

1992-ன் கடைசி மாதங்களில் மெட்ராஸ், மதுரை, ஜவ்வாது மலையின் அடிவாரத்துப் பக்கமான வேலூர் ஆகிய ஊர்களில் ஒரு புதுவிதக் காலரா தலைகாட்டியது. அதுவரை பெருந்தொற்றாகப் பரவிய காலராக் கிருமிகள் எல்லாம் 'ஓ1' என்ற வகை. இதுவோ எந்தப் பழைய வகையிலும் அடங்கவில்லை. 'ஓ139' என்று புது எண் கொடுத்தார்கள். சில மாதங்களில் அது கல்கத்தாவையும் வங்கதேசத்தையும் எட்டியது. முன்பு காலரா வந்து உடலில் எதிர்ப்பு சக்தி பெற்றிருந்த பெரியவர்களும் படுத்தார்கள்.

மருந்து கேட்கவில்லை

வயிற்றுப்போக்குக்கு அப்போது பரவலாகக் கொடுக்கப்பட்ட கோட்ரைமாக்சசோல் மாத்திரை இந்தக் கிருமியிடம் பலிக்கவில்லை. மெட்ராஸில் சேகரித்த 'எம்.ஓ.10' என்ற கிருமியை அமெரிக்காவில் மேத்யூ வால்டர் குழுவினர் ஆராய்ந்தார்கள். 1996-ல் விடை வந்தது. எதிர்ப்பு மரபணுக்கள் எல்லாம் ஒரே மூட்டையாகக் கட்டப்பட்டிருந்தன. அந்த மூட்டை அப்படியே நம் குடலில் வாழும் ஈ.கோலை போன்ற வேறு இனப் பாக்டீரியாவுக்கும் தாவியது. கோட்ரைமாக்சசோலில் உள்ள இரண்டு மருந்துகளின் பெயர்ச் சுருக்கத்தையே வைத்து அதற்கு 'எஸ்.எக்ஸ்.டி.' என்று பெயரிட்டார்கள். ஸ்ட்ரெப்டோமைசினும் குளோராம்பெனிகாலும்கூட அதனிடம் தோற்றன.

இது எந்தச் சாதி?

பாக்டீரியாக்களுக்கிடையே பயணம் செய்யும் மரபணுக்களை விஞ்ஞானிகள் முக்கியமாக நான்கு கூட்டமாகப் பிரிக்கிறார்கள்.

முதலாவது பிளாஸ்மிட். பாக்டீரியாவின் மூல மரபணு இழையோடு சேராமல் தனி வளையமாகச் சுற்றும். சொந்த வண்டி வைத்திருப்பவர் மாதிரி. பலவற்றால் அடுத்த பாக்டீரியாவுக்குத் தானே போக முடியும்.

இரண்டாவது டிரான்ஸ்போசான். இருந்த இடம் விட்டு இன்னோர் இடத்துக்குத் தாவும். ஆனால், பெரும்பாலும் ஒரே வீட்டுக்குள்தான். வெளியூர் போக வேண்டுமானால் பிளாஸ்மிட் போன்ற வண்டியில் ஏற வேண்டும்.

மூன்றாவது ஃபேஜ். பாக்டீரியாவைத் தாக்கும் வைரஸ் இது. காலராவின் உயிர்பறிக்கும் நச்சுக்கான மரபணுவே இப்படி ஒரு வைரஸ் கொண்டுவந்து சேர்த்ததுதான். அதையும் 1996-ல் வால்டரும் ஜான் மெக்கலானோஸும் கண்டுபிடித்தார்கள்.

எஸ்.எக்ஸ்.டி. இந்த மூன்றிலும் சரியாகப் பொருந்தவில்லை. சாதாரண நாளில் அது பாக்டீரியாவின் மூல இழைக்குள்ளேயே குடியிருக்கிறது. சமயம் வந்தால் தன்னைக் கத்தரித்துக்கொண்டு வளையமாகிறது. இரண்டு பாக்டீரியாக்கள் ஒட்டிக்கொள்ளும்போது அதன் ஒரு நகல் அடுத்ததற்குள் நுழைந்து, அங்கும் இழைக்குள் குடியேறிவிடுகிறது. முதலில் இதைத் தாவும் டிரான்ஸ்போசான் வகை என்றார்கள். பிறகு 'கான்ஸ்டின்' என்றார்கள். கடைசியில் 2000-களில் 'ஐ.சி.இ.' என்ற நான்காவது கூட்டம் நிலைத்தது. 'இழையில் இணைந்து, இடம் மாறும் கூறு' என்று அதற்குப் பொருள் சொல்லலாம்.

தென்னாப்பிரிக்க உறவுக்காரர்

1967-ல் தென்னாப்பிரிக்காவில் வேறொரு பாக்டீரியாவில் 'ஆர்391' என்ற ஒன்று கிடைத்திருந்தது. அதைப் பல வருடங்கள் பிளாஸ்மிட் என்றே எண்ணியிருந்தார்கள். எஸ்.எக்ஸ்.டி.யோடு ஒப்பிட்டபோது, இரண்டும் ஒரே குடும்பம் என்று தெரிந்தது. இரண்டும் குடியேறுவது ஒரே மரபணுவின் முனையில். குடியேற்றும் என்சைமும் கிட்டத்தட்ட ஒன்றே. சுமந்துவரும் எதிர்ப்புச் சரக்கு மட்டும் வேறு.

இதனால்தான் சரக்கைப் பார்த்து வகை பிரிப்பதில்லை. சரக்கு அடிக்கடி மாறும். எப்படி நுழைகிறது, எங்கே உட்காருகிறது என்பது எளிதில் மாறாது. லாரியில் இன்று நெல், நாளை சிமென்ட் ஏறலாம். நம்பர் பிளேட்டை வைத்துத்தான் லாரியை அடையாளம் காண்கிறோம். 2010-ல் ஹைட்டி நாட்டைத் தாக்கிய காலராவிலும் இதே குடும்பத்து மூட்டை இருந்தது. அது இந்தியக் காலராக் கிருமி ஒன்றில் முன்பே பதிவான மூட்டையோடு ஏறக்குறைய அச்சாக ஒத்துப்போனது. வகைப்பாடு இல்லையென்றால் இந்த உறவு தெரிந்திருக்காது.

மாத்திரையே பஸ் டிக்கெட்

2004-ல் வால்டர் குழுவினர் இன்னொன்றையும் காட்டினார்கள். டி.என்.ஏ. சேதமானால் பாக்டீரியா அபாயச் சங்கு ஊதும். அந்தச் சத்தம் கேட்டதும் எஸ்.எக்ஸ்.டி. மூட்டை கட்டிக் கிளம்புகிறது. சிப்ரோஃப்ளோக்சசின் மாத்திரை செய்வதும் அந்தச் சேதத்தைத்தான். அதாவது, தேவையில்லாமல் விழுங்கும் ஆன்டிபயாடிக், எதிர்ப்பு மூட்டைக்கு நாமே எடுத்துக் கொடுக்கும் பஸ் டிக்கெட் ஆகலாம்.

ஆஸ்பத்திரிக்கு மலைப்பாதையில் வெகுதூரம் இறங்க வேண்டிய ஊர்களில் இது வெறும் பாடப்புத்தக விஷயம் இல்லை. போன தடவை மிஞ்சிய மாத்திரையைப் பிள்ளைக்கு உடைத்துக் கொடுப்பது அங்கே சுலபமான வழியாகத் தோன்றும். ஆனால், பெரும்பாலான வயிற்றுப்போக்குக்கு ஆன்டிபயாடிக் தேவையே இல்லை. காலராவிலும் உயிரைக் காப்பது முதலில் நீர்ச்சத்துதான். கடுமையானால் டாக்டர் மருந்து தருவார்.

ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஓ.ஆர்.எஸ். பாக்கெட் இலவசம். அது கையில் இல்லையா? கொதித்து ஆறிய 1 லிட்டர் தண்ணீரில் தலைதட்டி 6 டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு கலந்து, கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்துக்கொண்டே இருக்கலாம். குழந்தைக்குத் தாய்ப்பாலை நிறுத்தக் கூடாது. கண் குழிவிழுந்தாலோ, சிறுநீர் நின்றாலோ, மயக்கம் வந்தாலோ, ஒரு நிமிடமும் தாமதிக்காமல் ஆஸ்பத்திரிக்குக் கிளம்ப வேண்டும். போகிற வழியிலும் அந்தக் கரைசலைக் கொடுக்கலாம்.

உப்பும் சர்க்கரையும் கலந்த தண்ணீரை எதிர்க்க எந்தக் கிருமியிடமும் மூட்டை கிடையாது.